கதவு திறந்தும் திரும்பாத காட்சிகள்

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு முதலில் மூடச் சொல்லும் இடங்களுள் திரையரங்கும் ஒன்றாக இருப்பதற்கு, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் அடைத்த கூடத்தில் மணிக்கணக்கில் அருகருகே அமர்ந்திருப்பதே காரணம். ஆயினும் தடை நீங்கியதும் பழைய காட்சி அட்டவணை தானே மீண்டுவிடும் என்று கருதுவது சரியன்று.

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட தமிழகத் திரையரங்குகள், நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திறக்கப்பட்டபோது, திரையிடப் புதுப்படங்கள் போதவில்லை. எண்ணிம முறையில் படத்தை அரங்குக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் செலுத்திவந்த வி.பி.எஃப். என்னும் கட்டணத்தைப் பற்றிய தகராறு ஒருபுறம் இருக்க, தீபாவளியையொட்டிப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ‘சூரரைப் போற்று’ நவம்பர் 12 அன்று இணையத்தளத்திலேயே வெளியாகிவிட்டது. 2021 பொங்கலுக்கு வந்த ‘மாஸ்டர்’தான் கூட்டத்தைத் திரும்ப அழைத்துவந்தது. அப்படம் வருவதற்கு முன் மாநில அரசு வழங்கிய முழு இருக்கை அனுமதியோ மத்திய அரசின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இந்த அலைக்கழிப்பை முழுமையாகக் காட்டுவது ‘கர்ணன்’ படத்தின் ஓட்டம். முழு இருக்கை அனுமதி மீண்டும் கிடைத்த பின், 2021 ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை, நிறைந்த அரங்குகளில் வெளியான அப்படத்துக்கு மறுநாளே இருக்கைகள் பாதியாயின. ஏப்ரல் 20 முதல் இரவு 10 மணிக்கு ஊரடங்கு தொடங்கியதால், நள்ளிரவைத் தாண்டி முடியும் இரண்டாம் காட்சி அட்டவணையிலிருந்தே நீங்கியது. ஏப்ரல் 26 அன்று அரங்குகளே மூடப்பட, மே 14 அன்று படம் இணையத்துக்குச் சென்றது. மக்கள் ஆவலோடு தேடிவந்த ஒரு படத்துக்கு அரங்கில் வாய்த்தது இரண்டரை வாரம்தான்.

இவ்விழப்பு எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வசூலை விநியோகஸ்தரும் அரங்கு உரிமையாளரும் குறிப்பிட்ட விழுக்காட்டில் பிரித்துக்கொள்ளும் பங்கு முறையில், முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்கே பெரும்பங்கு செல்வதும், வாரங்கள் செல்லச்செல்ல அரங்கின் பங்கு உயர்வதும் வழக்கமாதலால், ஓட்டம் பாதியில் முறியும்போது அரங்குக்கு உரிய வாரங்களே பறிபோகின்றன. தயாரிப்பாளருக்காவது இணைய உரிமை என்னும் மாற்றுவழி உண்டு. டிக்கெட் கிழிப்பவருக்கும், கேன்டீன் நடத்துபவருக்கும், சைக்கிள் ஸ்டாண்டு காவலருக்கும் காட்சி இல்லாத நாள் கூலி இல்லாத நாளே. உயிர்காக்கும் பொருட்டு அரங்கை மூடுவது நியாயமே. அந்த ஆணையோடு சேர்த்தே இத்தொழிலாளர்களுக்கான நிவாரணத்தையும் அரசு அறிவிக்க வேண்டும்.