விலாங்கு இருக்கும் தொட்டியில் யார் யார் குடி வரலாம்?

நடுராத்திரி இரண்டு மணி இருக்கும். "ஐயோ, பாம்பு! பாம்பு!" என்று என் மாமியார் போட்ட கூச்சலில் வீடே எழுந்துகொண்டது. ஓடிப்போய் விளக்கைப் போட்டால், கூடத்தில் நாற்காலிக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையும் கறுப்புமாக ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. என்னவர் தடியைத் தேடினார். என் மகள்தான், "அடிக்காதீங்கப்பா! அது நம்ம மல்லி!" என்று குறுக்கே வந்து நின்றாள்.

மல்லி, எங்கள் உப்புநீர்த் தொட்டியில் வளரும் கடல் விலாங்கு. கடற்கரைப் பக்கம் இந்த இனத்தை அஞ்சாலை என்பார்கள். வண்ணமீன் கடைகளில் இதற்கு 'ஸ்னோஃப்ளேக் ஈல்' என்று பெயர். ஈரத்துண்டைப் போட்டு மெதுவாக அள்ளித் தண்ணீரில் விட்டோம். சிறிது நேரத்தில் பழையபடி தன் பொந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மல்லி பிழைத்துவிட்டது. ஆனால் அது வந்த முதல் வாரத்திலேயே அந்தத் தொட்டியில் நாலு உயிர்கள் போயிருந்தன. அதற்குக் காரணம் மல்லி இல்லை, நாங்கள்தான். யாரோடு யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அழகாக இருக்கிறதே என்று வாங்கி விட்டோம். எங்களைப்போல் நீங்களும் ஏமாறக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். கூடத்தில் வைத்தால் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் கடல்மீன் வளர்ப்பவர்கள் கணக்கில் இது சின்னத் தொட்டி. அதில் முதலில் இரண்டு கோமாளி மீன், ஐந்து சின்னக் குரோமிஸ் மீன், இரண்டு 'கிளீனர்' இறால் என்று விட்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் மகளுக்கு விலாங்கு ஆசை வந்தது. ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பெரிய அஞ்சாலை ஒன்று வாயைத் திறந்து வைத்திருக்க, உள்ளே ஓர் இறால் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தது. "பாரும்மா, ரெண்டும் எவ்வளவு ஃப்ரெண்ட்ஸ்!" என்றாள். கடைக்காரரும், "இது சாதுங்க, மீனைத் தொடாது" என்றார். தான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாங்கினாள்.

மறுநாள் காலையில் இறால்களைக் காணோம். மீசை மட்டும் மிதந்தது. அந்த வாரத்துக்குள் இரண்டு குரோமிஸும் போயிற்று. "நான்தாம்மா அதுங்களைக் கொன்னுட்டேன்" என்று பெண் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பல்லைப் பாருங்கள்

அஞ்சாலை எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றுக்கு ஊசிபோல் கூரான பற்கள். அவை மீன் பிடித்துத் தின்பவை. வேறு சிலவற்றுக்குக் கூழாங்கல்போல் மழுங்கிய பற்கள். அவை நண்டு, இறால் ஓட்டை நொறுக்கித் தின்பவை. எங்கள் ஸ்னோஃப்ளேக் இரண்டாவது ஜாதி. கடைக்காரர் சொன்னது பாதி நிஜம். அது மீனை அவ்வளவாகத் தேடிப் போகாது. ஆனால் இறாலும் நண்டும் அதற்குத் தினசரிச் சாப்பாடு! மகள் காட்டிய படத்தில் இருந்தது வேறு இனம், 3 மீட்டர் வரை வளரும் பூத அஞ்சாலை. கடலில் அது சுத்தம் செய்ய வரும் இறாலைத் தின்னாமல் விடுவதை வைத்து, நம் வீட்டு விலாங்கும் விட்டுவிடும் என்று நினைத்தது எங்கள் தப்பு.

சின்னத் தொட்டிக்கு ஸ்னோஃப்ளேக்தான் ஏற்றது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அடிக்குள் நிற்கும். வரிக்குதிரைபோல் கோடு போட்ட 'ஜீப்ரா' அஞ்சாலையும் மழுங்கிய பல்காரர்தான். ஆனால் 3 அடிக்கு மேலே வளரும். நமக்கு ஆகாது. நீல நிற 'ரிப்பன் ஈல்' அழகில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். தொட்டிக்கு வந்தபின் பெரும்பாலும் சாப்பிட மறுத்து, மெலிந்து செத்துப்போகும்.

கண் மந்தம், மூக்கு கூர்மை

அப்படியானால் எங்கள் குரோமிஸ் ஏன் போயிற்று? அஞ்சாலைக்குக் கண் பார்வை மந்தம். மோப்பத்தை வைத்துத்தான் இரை தேடும். அதுவும் ராத்திரியில் பொந்து பொந்தாக நுழைந்து வரும். விரல் அளவு மீன் ஒன்று கல் இடுக்கில் தூங்கினால், வாயில் நுழைகிற அளவுதானே என்று பிடித்துவிடும். பிடித்தால் தப்பவும் முடியாது. அஞ்சாலையின் தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு ஜோடித் தாடை இருக்கிறது. முன்வாய் கவ்வியதும், அது முன்னால் வந்து இரையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை 2007இல் அமெரிக்காவில் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார்கள்.

அஞ்சாலை எப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து என் மாமியார், "என்னைப் பார்த்து முறைக்குது" என்பார். அது கோபம் இல்லை. செவுளுக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது. அதற்கு அதுதான் மூச்சு.

சேர்க்கவே கூடாதவர்கள்

இறால், நண்டு, சங்குக்குள் வாழும் முனிவன் நண்டு: எந்த வகையானாலும் வேண்டாம். இன்று போகாவிட்டால் நாளை போகும்.

குரோமிஸ், உளுவை போன்ற விரல் அளவு மீன்கள், ராத்திரி கல் இடுக்கில் ஒதுங்கும் சின்ன மீன்கள்: வேண்டாம்.

கிளாத்தி இனத்து 'ட்ரிகர்' மீனும், பேத்தை மீனும்: இங்கே பயம் விலாங்குக்குத்தான்! ட்ரிகருக்கும் பேத்தைக்கும் கடிக்கிற குணம் உண்டு. விலாங்கின் வாலையும் முதுகுத் துடுப்பையும் கொறித்துப் புண்ணாக்கிவிடும்.

களவா, 'டேங்' வகைகள்: கடையில் உள்ளங்கை அளவு இருக்கும். வளர்ந்தால் இந்தத் தொட்டியில் திரும்பக்கூட இடம் இராது.

சிங்க மீன்: விலாங்கோடு இதை வைப்பவர்கள் உண்டு. ஆனால் இதன் முதுகு முள்ளில் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாயும் பெரிது, சின்ன மீன்களை விழுங்கிவிடும்.

கடல் குதிரையும் உயிர்ப் பவளமும் அழகுதான். ஆனால் நம் கடலில் எடுத்தவற்றை வீட்டில் வைப்பது குற்றம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் இவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். யாராவது ரகசியமாக விற்றாலும் வாங்காதீர்கள்.

ஒத்துப்போகிறவர்கள்

மூன்று கேள்வி கேளுங்கள். விலாங்கின் வாயில் நுழையாத பருமன் உண்டா? வளர்ந்தபின்னும் தொட்டிக்கு அடங்குமா? தன் பங்கை விட்டுக்கொடுக்காத தைரியமும், பிறரைக் கடிக்காத குணமும் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால்தான் வாங்கலாம்.

இந்தக் கணக்கில் முதலில் தேறுவது கோமாளி மீன். பிள்ளைகள் 'நிமோ' என்று கூப்பிடுகிறார்களே, அதுதான். நன்றாக வளர்ந்த ஜோடியாக வாங்க வேண்டும், சின்னக் குஞ்சாக அல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் கேட்டு வாங்கினால், கடலில் இருந்து பிடித்து வருவது குறையும். அதுவும் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியிருக்கும்.

அடுத்தது 'ட்வார்ஃப் ஏஞ்சல்' என்ற குட்டை ஏஞ்சல் மீன். வளர்ந்தாலும் 4 அங்குலம்தான். உடம்பு தட்டையாக, உயரமாக இருப்பதால் விலாங்கு வாய்க்கு அடங்காது. ஆனால் ஒன்றே ஒன்றுதான் வைக்க வேண்டும். இரண்டு வைத்தால் ஓயாத சண்டை.

எங்கள் தொட்டிக்கு இவ்வளவுதான்: மல்லி, இரண்டு கோமாளி, ஓர் ஏஞ்சல். மிச்சமிருந்த மூன்று குரோமிஸை விலாங்கு இல்லாத தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். விலாங்கு கழிக்கும் கழிவு அதிகம். மீன் எண்ணிக்கை கூடினால் தண்ணீர் தாங்காது.

சேர்க்கும் முறை

புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். பரிசோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன். உப்பின் அடர்த்தி 1.022 முதல் 1.025 வரை. சூடு 25, 26 டிகிரி. நம் ஊர் கோடையில் தண்ணீர் சூடேறிவிடும், கவனம்.

ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டுச் சேருங்கள். முதலில் சாதுவான கோமாளி, பிறகு விலாங்கு, கடைசியில் இடத்துக்குச் சண்டை போடும் ஏஞ்சல். புதிதாக வரும் மீனை மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். ஏனென்றால் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் தாமிர மருந்து விலாங்குக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்குச் செதில் கிடையாது. நோய் உள்ளே வந்தபின் மருந்தும் போட முடியாமல், விடவும் முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

வயிறு நிறைந்தால் வம்பு இல்லை

பசித்த விலாங்குதான் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை, பச்சை இறால், கணவாய், மட்டி இவற்றைச் சின்னத் துண்டாக நறுக்கி, நீளமான இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா எதுவும் படக் கூடாது. ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். சில வகை மீனிலும் இறாலிலும் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. மாற்றி மாற்றிக் கொடுப்பதே நல்லது. புதிதாக வந்த விலாங்கு சில நாள், சில சமயம் வாரக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். பயப்படாதீர்கள்.

மற்ற மீன்களுக்கு முதலில், எதிர் மூலையில் தீனி போட்டுவிடுங்கள். இறால் வாசனை பரவிவிட்டால், அரைக் கண் பார்வைக்காரரான விலாங்கு எதிரில் வந்ததைக் கடித்துவிடும். உங்கள் விரலும் அதற்கு இறால்தான்! குழந்தைகளைக் கையால் ஊட்ட விடவே கூடாது. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தொட்டிக்குள் கை விடும்முன் மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

கடைசியாக, மூடி. குழாய் போக விட்ட இடைவெளி வழியாகத்தான் மல்லி அன்று வெளியே வந்தது. தண்ணீருக்கு வெளியிலும் இந்த இனம் சமாளிக்கும். ஸ்னோஃப்ளேக் அஞ்சாலை கரையில் ஏறி வந்து, தண்ணீரே இல்லாமல் இரையை விழுங்கும் என்று 2021இல் அதே ரீட்டா மேத்தாவின் ஆராய்ச்சிக் குழு காட்டியிருக்கிறது. ஆனால் ரொம்ப நேரம் வெளியே கிடந்தால் காய்ந்து செத்துப்போகும். ஆகவே விரல் நுழையும் ஓட்டையைக்கூட வலையோ பஞ்சோ வைத்து அடைத்துவிடுங்கள். மூடி மேலே கனமாக ஏதாவது வைக்க வேண்டும். ஒளிந்துகொள்ள உள்ளே கல் குகையும் பி.வி.சி. குழாயும் இருக்கட்டும். தன் வீடு என்று ஒன்று இருந்தால் அது அதிகம் ஊர் சுற்றாது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு தொட்டியில் ஒரு சாவு இல்லை. இப்போது மல்லிக்குச் சாப்பாடு கொடுக்கும் நாளை ஞாபகம் வைத்திருப்பது யார் தெரியுமா? சாட்சாத் என் மாமியார்தான். மகள் இன்னொரு மீன் வாங்கலாமா என்று அவ்வப்போது கேட்பாள். நான் அந்த மூன்று கேள்வியைக் கேட்பேன். அவளே யோசித்துவிட்டு, "வேண்டாம்மா" என்பாள்.

போன வாரம் வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "ஏன் பெரியம்மா, இவ்வளவு பெரிய தொட்டியில நாலே நாலா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும்முன் என் மாமியார் முந்திக்கொண்டார்:

"நாலு பேரும் மறுநாள் காலையில உயிரோட இருக்கணுமில்ல?"