பாட்டி தந்த ஈயச்சொம்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் சற்றுப் பழைய வீடு ஒன்றின் சமையலறைப் பரணைப் பார்த்திருக்கிறீர்களா? எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு வெண்கலப் பானை இருக்கும். ஒரு கல்சட்டி இருக்கும். பழந்துணியில் சுற்றிய, சற்றே நசுங்கிய சிறு சொம்பு ஒன்றும் இருக்கலாம். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. வேலையை நாடிப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. அவர்கள் கொண்டுவந்த மூட்டை முடிச்சுகளில் ஊர்ப் பாத்திரங்களும் வந்தன. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் அவை கைமாறின.

அந்தச் சொம்பில் ஒரு நாள் ரசம் வைக்கிறீர்கள். புளியும் பெருங்காயமும் கொதித்து மணம் எழும்புகின்றது. உடனே பாட்டியின் குரல், அவர் உட்கார்ந்திருந்த பலகை, அடுப்படியின் கரிப்புகை எல்லாம் மனக்கண்முன் வருகின்றன. இது ஏன்? அடுப்பில் வைத்த சொம்பு உருகாமல் இருப்பது எப்படி? எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த ரசத்தை நம் குழந்தைகளுக்கு அச்சமின்றி ஊற்றலாமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம்.

மணமும் நினைவும்

ரசத்தின் ஆவியில் கலந்துள்ள மணப்பொருள்களின் மூலக்கூறுகள் மூக்கின் மேற்பகுதியிலுள்ள உணர்செல்களைத் தொடுகின்றன. அச்செல்களில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இத்தகைய ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கியமைக்காக ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பார்வை, கேள்வி முதலிய புலன்களின் செய்திகள் முதலில் தாலமஸ் என்னும் மூளைப்பகுதிக்குச் சென்று, அங்கிருந்தே மற்றப் பகுதிகளுக்குப் பிரிகின்றன. மணத்தின் வழி வேறு. அது தாலமசைச் சுற்றிச் செல்லாமல், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவையும் நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பசையும் குறுக்கு வழியில் எட்டிவிடுகின்றது. மணத்தால் கிளறப்படும் நினைவுகளில் பல, பத்து வயதுக்கு முற்பட்ட பருவத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியின் புகைப்படத்தைக் கண்டபோது வராத கண்ணீர், ரசத்தின் மணத்தில் வந்துவிடுவது இதனால்தான். சொம்பு அந்த மணத்துக்கு ஒரு சாவி போல அமைந்துவிடுகின்றது.

சொம்பு ஏன் உருகவில்லை?

ஈயச்சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 பாகை செல்சியஸ். செம்பு உருகுவதற்கு 1,085 பாகை வேண்டும். சமையல் எரிவாயுச் சுடரின் வெப்பநிலையோ ஆயிரம் பாகைக்கும் மேற்பட்டது. அப்படியானால் சொம்பு அடுப்பில் வைத்தவுடனே உருகி ஓட வேண்டும் அல்லவா?

ஓடாது, உள்ளே ரசம் இருக்கும்வரை ஓடாது. ரசத்தில் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீர் ஏறக்குறைய 100 பாகையில் கொதிக்கத் தொடங்கிவிட்டால், அதன்பின் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அது ஆவியாவதற்கே செலவாகின்றது. வெப்பநிலை மேலே ஏறுவதில்லை. மெல்லிய உலோகச் சுவர் தான் பெறும் வெப்பத்தை உடனுக்குடன் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவதால், அதன் வெப்பநிலையும் 100 பாகையை ஒட்டியே நிற்கின்றது. காகிதக் கிண்ணத்தில் நீரூற்றிச் சுடரின்மேல் காட்டினால் காகிதம் எரியாமல் நீர் சூடாவதைப் பள்ளியில் செய்து பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான் இது.

வெறும் சொம்பை அடுப்பில் வைத்தாலோ, ரசம் வற்றும்வரை மறந்துவிட்டாலோ நிலைமை வேறு. வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. சில நிமிடங்களில் 232 பாகை எட்டிவிடும். பாட்டியின் சொம்பு பர்னரின்மேல் வெள்ளித்துளிகளாகக் கிடக்கும். தாளிப்பதும் இதில் கூடாது. எண்ணெய் 100 பாகையில் நின்றுவிடுவதில்லை. கடுகு வெடிக்கும் எண்ணெய் வெள்ளீயத்தின் உருகுநிலையை நெருங்கக்கூடும். ‘முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு, தாளிப்பு தனிக் கரண்டியில்’ என்ற பாட்டியின் கட்டளை முழுக்க முழுக்க இயற்பியலே!

ஒரு பெயர், இரண்டு உலோகங்கள்

இனிதான் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு உலோகங்களைக் குறிக்கின்றது. ஒன்று வெள்ளீயம்; மற்றது காரீயம். பெயரில் உறவு இருப்பினும் குணத்தில் இல்லை.

வெள்ளீயம் புளிரசத்தில் மிகச் சிறிதளவு கரையும். ஆனால் அதைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றது, பெரும்பகுதி வெளியேறிவிடுகின்றது. அளவு மிகுந்தால் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். காரீயமோ உடலில் தங்கும் நஞ்சு. அது எலும்பில் சேர்கின்றது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. ஒரே அளவு காரீயம் உள்ளே சென்றால், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

பன்னாட்டு உணவுத் தரவிதிகளைப் பாருங்கள். டப்பியில் அடைத்த பானங்களில் கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம்வரை வெள்ளீயம் இருக்கலாம். பழச்சாறுகளில் காரீயமோ 0.03 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. ஐயாயிரத்தில் ஒரு பங்கு! இரண்டுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிறகு ஏன் காரீயத்தைக் கலக்கிறார்கள்? விலைதான் காரணம். வெள்ளீயத் தாது நம் நாட்டில் அரிது. சத்தீஸ்கரின் பஸ்தார்ப் பகுதியில் ஓரளவு கிடைக்கின்றது. பெருமளவு மலாயா போன்ற கிழக்கு நாடுகளிலிருந்தே வந்தது. காரீயம் மலிவு, பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும்.

வீட்டில் சோதிக்கலாமா?

ஓரளவு சோதிக்கலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயத்தினுடையது 11.3 கிராம். ஆர்க்கிமிடீசை நினைவுகொள்ளுங்கள். சொம்பை எடை போடுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் விளிம்புவரை நீர் நிரப்பி, காற்றுக் குமிழ் தங்காதபடி சொம்பை முழுவதும் அமிழ்த்துங்கள். வழிந்த நீரை அளவுகுவளையில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். சொம்பின் எடை 730 கிராமாக இருந்து, 100 மில்லிலிட்டர் நீர் வழிந்தால் அடர்த்தி 7.3. வழிந்தது 80 மில்லிலிட்டரே என்றால் அடர்த்தி 9.1; பாதிக்கு மேல் காரீயம் என்று ஐயுறலாம்.

ஆயினும் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்த சொம்பின் அடர்த்தி 7.4 அளவே இருக்கும். அது 98 மில்லிலிட்டர் நீரை வழியச் செய்யும். அந்த இரண்டு மில்லிலிட்டர் வேறுபாட்டைச் சமையலறையில் பிடிக்க இயலாது. ஆனால் அந்த ஐந்து பங்கே ரசத்தைக் கெடுக்கப் போதுமானது. சொம்பின் விளிம்பை வெள்ளைத்தாளில் இழுத்தால் பென்சில்போலக் கறுப்புக்கோடு விழுவதும் காரீயத்தின் அறிகுறியே; கோடு விழாவிட்டால் காரீயம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆகவே வீட்டுச் சோதனை குற்றத்தைக் காட்டலாம், நற்சான்று தராது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி உள்ள ஆய்வகமே உறுதியாகச் சொல்லும். நகைக் கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கருவியும் இந்தத் தத்துவத்தில் இயங்குவதே.

ஓட்டையை அடைக்கும்போது

தொழிற்பேட்டை வட்டாரத்து வாசகர்களுக்குத் தனியே ஒரு சொல். ஓட்டை விழுந்த சொம்பை, கையில் பற்றவைக்கும் கோல் இருக்கின்றதென்று நாமே அடைத்துவிடத் தோன்றும். வழக்கமான பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. நூற்றுக்கு ஏறத்தாழ 62 பங்கு வெள்ளீயமும் 38 பங்கு காரீயமும் கலந்தால், தனித்தனி உலோகங்களின் உருகுநிலையைவிடக் குறைந்த 183 பாகையிலேயே உருகும். கம்பிகளை இணைக்க அது மிக வசதி. ரசப் பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது. மின்னணுப் பொருள்களிலேயே 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்துக்குக் கடுங்கட்டுப்பாடு விதித்துள்ளது என்றால், உணவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரப் பொடியைத் தூவுகிறார், வெண்புகை எழுகின்றது. நவச்சாரம் வெப்பத்தில் சிதைந்து அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் உண்டாகின்றன. அந்த அமிலம் பித்தளையின்மீது படிந்த ஆக்சைடை அரித்து நீக்குகின்றது. தூய்மையான உலோகத்தின்மேல் உருகிய ஈயம் கண்ணாடிபோல் பரவி ஒட்டிக்கொள்கின்றது. புளிப்புப் பண்டம் செம்போடு சேர்ந்து களிம்பாகாமல் இப்பூச்சு காக்கின்றது. பூசுவது வெள்ளீயந்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம். புகை படாத தூரத்தில் குழந்தைகளை நிறுத்துங்கள்.

என்ன செய்வது?

தூய வெள்ளீயம் என்று சோதனையில் உறுதியான சொம்பில் தாராளமாக ரசம் வையுங்கள். நீரூற்றிய பின்பே சிறு தணலில் ஏற்றுங்கள். ரசத்தை இரவு முழுவதும் அதிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மணலும் கம்பிநாரும் கொண்டு தேய்க்காதீர்கள்.

ஐயமுள்ள சொம்பு என்றால் அதை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். எறிந்துவிட வேண்டியதில்லை, அலமாரியில் வையுங்கள். பாட்டியின் நினைவு அந்த உலோகத்தில் இல்லை. புளி, மிளகு, பெருங்காயத்தின் மணத்தில் இருக்கின்றது. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் அதே பக்குவத்தில் ரசம் கொதிக்கும்போதும் உங்கள் மூக்கு பாட்டியை அடையாளம் கண்டுகொள்ளும். பேரப்பிள்ளைகளின் நலத்துக்காகச் சொம்பைப் பரணில் ஏற்றினால், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.