எட்டு எண்களுக்கு ஒரு தனிக் கிளை

பொத்தேரியிலிருந்து மறைமலைநகர் வரை, ஜி.எஸ்.டி. சாலையோரச் சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அடிக்கடி காதில் விழும் புகார் இது: "தம்பி, நாம அனுப்புற கொட்டேஷன் எல்லாம் ஸ்பாம்ல போய் விழுதாம்!" சில இடங்களில் கோளாறு ரிவர்ஸ் டி.என்.எஸ்.ஸில் இருக்கும்.

சாதாரண டி.என்.எஸ்.ஸிடம் பெயரைச் சொன்னால் ஐ.பி. எண்ணைத் தரும். ரிவர்ஸ் என்பது எண்ணைச் சொல்லிப் பெயரைக் கேட்பது. மெயிலை வாங்கும் சர்வர், அனுப்பிய எண்ணுக்குப் பெயர் உண்டா, அந்தப் பெயரைத் தேடினால் அதே எண் வருகிறதா என்று பார்க்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எல்லோருக்கும் இது கட்டாயம்.

கடித உறையில் கதவு எண், தெரு, ஊர் என்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். டி.என்.எஸ். பெயரும் அப்படித்தான். ஐ.பி. எண்ணோ பெரியதில் தொடங்கும். அதனால் 203.0.113.10 என்பதைத் தலைகீழாக்கி 10.113.0.203 என எழுதி, பின்னால் 'இன்-அடர்.ஆர்ப்பா' ஒட்டித் தேடுவார்கள். (மாதிரி காட்டவென்றே ஒதுக்கிய எண் இது.)

வம்பு புள்ளியில் இருக்கிறது. டி.என்.எஸ்.ஸில் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது புள்ளி விழும் இடத்தில்தான். கடைசிப் புள்ளிக்கு அடியில் 256 எண்கள். இந்தியாவில் எண்களைப் பங்கிடும் ஐ.ஆர்.ஐ.என்.என். 256-க்குக் குறையாமல் கொடுப்பதால் பெரிய நிறுவனங்களுக்குக் கவலையில்லை. லீஸ்டு லைன் வாங்கும் சின்ன கம்பெனிக்குக் கிடைப்பது பெரும்பாலும் எட்டுதான். தலையும் வாலும் போனால் ஆறு. 256-இல் நம் எட்டு போக மிச்சம் 248 மற்றவர்களுக்குரியவை. மொத்தத்தையும் நம் கையில் எப்படிக் கொடுப்பார்கள்?

1998 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2317 என்ற இணைய ஆவணம் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னது. எழுதிய மூவரில் பால் விக்சியும் ஒருவர். நம் எட்டும் 8 முதல் 15 வரை என்றால், இணைப்பு தரும் நிறுவனம் '8-15' என்று புதிதாக ஒரு கிளையைத் திறந்து, அதை நம் நேம் சர்வருக்கு ஒப்படைக்கும். பிறகு எண்ணுக்கு ஒன்றாக எட்டு சி-நேம் வரிகள்: 10-ஐக் கேட்டு வந்தால், '8-15'-க்குள் இருக்கும் 10-ஐப் போய்ப் பார். அதன்பின் பெயரை நாம் எத்தனை முறை மாற்றினாலும் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஆவணத்தின் மாதிரியில் கிளைப் பெயருக்குள் சாய்கோடு இருக்கும். சில மென்பொருள்கள் அதற்கு முரண்டு பிடிப்பதால் நான் சிறுகோடு கேட்டு வாங்குவேன்.

கேட்டால் கிடைத்துவிடுமா? "சார், டிக்கெட் போடுங்க, நாங்களே மாத்தித் தர்றோம்" என்பதுதான் ஒரு நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த பதில். பைண்ட் என்ற நேம் சர்வர் மென்பொருளில் அந்த எட்டு சி-நேம்களையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். டிக்கெட்டுக்குப் பதில் எழுதும் நேரம்கூட ஆகாது. ஆகவே இப்போதெல்லாம் லைனுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இதையும் எழுத்தில் சேர்த்துவிடுகிறேன்.

நம் பக்கம் நேம் சர்வர் இரண்டு வேண்டும். இரண்டையும் அந்த எட்டு எண்களுக்குள்ளேயே வைத்தால், சாலை தோண்டுகிறவர் கேபிளை வெட்டும் அன்று இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றை வேறு ஊரில் வாடகை சர்வரில் போடச் சொல்வேன். முதலாளிகள் அதன் மாத வாடகையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், நான் விடுவதில்லை.