இலவசக் கல்வி: வரவும் செலவும்

வணிகப் பெருமக்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எந்தச் சரக்கும் சும்மா வருவதில்லை. வாங்குகிறவர் பணம் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். இணையவழி இலவசப் படிப்புகளையும் நாம் இந்தக் கண்ணோடு பார்ப்பதே நல்லது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 2001-ல் அறிவித்தது. 2011-ல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாக நடத்தியபோது ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தனர். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேரே. மறு ஆண்டே கோர்சேரா, எடெக்ஸ் ஆகியவை தொடங்கின.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. மத்திய அரசின் 'சுயம்' தளம் 2017-ல் வந்தது. இவற்றுக்கான செலவு அரசினுடையது; அதாவது நாம் கட்டும் வரியும் அதில் அடக்கம். ஆகவே தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். கணக்குப் பதிவியல், நிதி மேலாண்மை, சரக்குப் போக்குவரத்து என நம் தொழிலுக்கு ஏற்ற பாடங்களும் உண்டு.

எது இலவசம்?

பாடம் இலவசம், சான்றிதழ் இலவசமல்ல. என்.பி.டி.இ.எல். படிப்பில் வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் எடுத்தால்தான் சான்றிதழ். தேர்வுக்குக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுதவேண்டும். வெளிநாட்டுத் தளங்களிலோ இலவசத்தின் அளவு சுருங்கிவருகிறது. பல்கலைக்கழகங்கள் தொடங்கிய எடெக்ஸ், 2021-ல் 80 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

முடிக்காதவர்களே அதிகம்

எடெக்ஸில் எம்.ஐ.டி., ஹார்வர்ட் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான கணக்கு நம்மைச் சிந்திக்கவைக்கிறது. 2017-18-ல் சேர்ந்த நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேரே முடித்தனர். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலோ பாதிக்குச் சற்றுக் குறைவானோர் முடித்தனர். காசு போட்டவருக்குத்தான் அக்கறை என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. முடிப்பது என்று உறுதியாக இருந்தவரே காசும் போட்டிருப்பார். தனியாகப் படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு தடை. என்.பி.டி.இ.எல். தன் பாடங்கள் சிலவற்றைத் தமிழில் எழுத்து வடிவில் தருவது ஆறுதல்.

நாம் செய்யவேண்டியது

கல்லூரி முடிந்து மாலையில் கல்லாவில் உட்காரும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தவர்களும் உண்டு. இவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. முதலில் நான்கு வாரப் படிப்பு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரு மணி நேரம் கடை வேலையிலிருந்து விடுவியுங்கள். ஐந்தாறு பேர் சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை கூடிப் படித்தால் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும். கல்லூரி மாணவராக இருந்தால், அந்தப் பாடத்தைத் தம் பட்டப்படிப்பில் ஏற்பார்களா என்று கல்லூரியில் கேட்டுவிட்டுச் சேரட்டும்.

பாடத்துக்கு விலையில்லை. நாம் போடவேண்டிய முதல் நேரம்தான். அதை ஒதுக்காமல் லாபத்தை எதிர்பார்க்க முடியாது.