கண்ணிழந்த மின் திருக்கை

டைஃப்லோநார்கே ஐசோனி நியூசிலாந்துக் கடலில் மட்டுமே வாழும் சிறிய மின் திருக்கை. பெரும்பாலும் 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், மணலும் சேறும் படிந்த தரையில் காணப்படுகிறது. ஆகஸ்டஸ் ஹாமில்டன் 1902-இல் இதை முதன்முதலாக விவரித்தார்; எட்கர் வெய்ட் 1909-இல் இதற்குத் தனிப் பேரினம் வகுத்தார். டைஃப்லோநார்கே என்ற அந்தப் பேரினப் பெயரில் இரண்டு கிரேக்கச் சொற்கள் அடங்கியுள்ளன. ஒன்றுக்குக் குருடு என்று பொருள். மற்றொன்றுக்கு மரத்துப்போதல் என்று பொருள்.

இதன் உடல் அடையைப் போல வட்டமாகவும் தடிப்பாகவும் இருக்கும். நீளம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் வரை. தோலில் செதில் கிடையாது, நிறம் பழுப்பு. கண்கள் மிகச் சிறுத்துத் தோலுக்கடியில் புதைந்துவிட்டன. வெளிச்சம் மிகக் குறைந்த ஆழத்தில் அவற்றுக்கு வேலையும் குறைவு.

மற்றத் திருக்கைகள் பெரும்பாலும் அகன்ற பக்கத் துடுப்புகளை அலையலையாக அசைத்து நீந்துகின்றன. மின் திருக்கைகளின் வட்ட உடலில் மின்னுறுப்புகள் அடைத்திருப்பதால் அவை வாலை வீசி நீந்துகின்றன. டைஃப்லோநார்கேயின் வாலோ குட்டையானது. ஆனால் இடுப்புத் துடுப்புகளின் முன்பகுதி பிரிந்து, கால் போலத் தடித்திருக்கிறது. அதை ஊன்றித் தரையில் மெல்ல நடக்கிறது என்று கருதப்படுகிறது. சேற்றில் வாழும் பல்முடிப் புழுக்கள் இதன் இரை.

தலையின் இரு பக்கமும் சிறுநீரக வடிவில் பக்கத்துக்கு ஒரு மின்னுறுப்பு உண்டு. தசைகளே பரிணாமத்தில் இப்படி மாறின. தட்டையான மின்செல்கள் காசுகளை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்துத் தூண்களாக நிற்கின்றன. ஒரு செல் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. மூளையின் கட்டளை வந்ததும் எல்லாச் செல்களும் ஒரே கணத்தில் இயங்க, தூணில் உள்ள செல்களின் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. தூண்கள் பக்கம்பக்கமாக நிற்பதால் மின்னோட்டமும் பெருகுகிறது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் இந்த அமைப்பு கடலுக்கு ஏற்றது. அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1800-இல் அறிவித்த மின்னடுக்கை மின் திருக்கைகளின் இந்த உறுப்புடன் ஒப்பிட்டே பேசினார்.

பிற உயிர்களின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்புலத்தை உணரும் நுண்குழாய்கள் எல்லாத் திருக்கைகளின் தோலிலும் உள்ளன. பார்வையற்ற விலங்குக்கு இவ்வுணர்வு பெருந்துணை.

இது முட்டையிடுவதில்லை. கரு தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து குட்டியாகப் பிறக்கிறது. ஓர் ஈற்றில் 11 குட்டிகள் வரை பிறக்கலாம்.

கண்ணிழந்த மின் திருக்கை இது ஒன்றுதான் என்றில்லை. 1898-இல் ஆல்ஃபிரட் ஆல்காக் விவரித்த பெந்தோபேட்டிஸ் மோர்ஸ்பியும் பார்வையற்றதே. அதன் முதல் மாதிரி திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 790 மீட்டர் ஆழத்தில், இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பலின் வலையில் கிடைத்தது. டைஃப்லோநார்கே நார்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பெந்தோபேட்டிஸ் நார்சினிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆழ்கடல் இருட்டில் கண்ணிழப்பு இரு குடும்பங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. மின்னுறுப்பை மட்டும் இரண்டுமே விடவில்லை.