நோய் நீங்கிய பின்னும் மூச்சைக் கவனியுங்கள்

கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் நோயாளிகளைக் காத்த மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர், தூய்மைப் பணியாளர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரில் பலர், தாமும் அந்நோய்க்கு ஆளாகி மீண்டனர். பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பகுதிகளிலும் அத்தகையோர் வாழும் குடும்பங்கள் உண்டு. நோய் நீங்கிய பின்னும் மாடிப்படி ஏறும்போது மூச்சு இளைத்தால், அதனை வயதென்றும் பணிச்சோர்வென்றும் ஒதுக்கிவிடலாகாது.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் மெல்லிய சுவர் வழியாகவே உயிர்வளி இரத்தத்தில் கலக்கிறது. கடுமையான வைரஸ் நிமோனியாவில் அச்சுவர் வீங்கிப் புண்படும். ஆறும்போது சிலருக்குத் தழும்பு தங்கிவிடும்.

அத்தழும்பு எவ்வளவு காலம் நீடிக்கும்? 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, பெய்ஜிங்கிலுள்ள பீக்கிங் பல்கலைக்கழக மக்கள் மருத்துவமனையின் பணியாளர்கள் 80 பேரை அது தொற்றியது. இருவர் இறந்தனர். மீண்ட 78 பேரில் 71 பேரின் உடல்நிலை 2018 வரை ஆராயப்பட்டது. நுரையீரல் பாதிப்பின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறியது. எஞ்சிய சிறு பாதிப்போ சிலருக்குப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் நிலைத்திருந்தது. சிகிச்சையில் மிகுதியாக ஸ்டீராய்டு பெற்ற சிலருக்கு இடுப்பு மூட்டெலும்பும் நலிந்தது. ஆகவே ஸ்டீராய்டு பெற்றவர்கள் நீடித்த இடுப்பு வலியையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

நம் மாநிலத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரை ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு, உயிர்வளியை இரத்தத்தில் சேர்க்கும் திறன் குறைந்திருந்தது.

இக்குறையை மார்பு எக்ஸ்ரே மட்டும் காட்டிவிடாது. குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையிலும் அது சில வேளை புலப்படாது. ஆறு நிமிடம் நடக்கச் செய்து உயிர்வளி அளவைப் பார்ப்பதும், வாயு கலக்கும் திறனை அளப்பதும், தேவையெனில் சி.டி. ஸ்கேன் எடுப்பதும் உண்மையை உணர்த்தும். மூச்சிளைப்பு நீடிப்பவர்கள், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய் மருத்துவரை அணுகி, தமக்கு எப்பரிசோதனை வேண்டும் என்று கேட்கலாம்.

வீட்டாரும் துணை நிற்கலாம். விறகடுப்புப் புகையும் பீடி, சிகரெட் புகையும் அவர்கள் மூச்சில் படாமல் காக்க வேண்டும். மருத்துவர் கூறும் அளவில் நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் நாள்தோறும் தொடர வேண்டும். இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் கேட்டறிக. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது காசநோயாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

நோயாளியைக் காண வரும் அன்பர்கள், இருமலோ காய்ச்சலோ இருப்பின் முகக்கவசம் அணிந்து வருக. தழும்பேறிய நுரையீரலோடு இன்றும் பணியாற்றுவோருக்கு மற்றுமொரு தொற்று பெருஞ்சுமையாகும்.