'என் நம்பர் உங்களுக்கு எப்படி கிடைச்சது?'

உங்க செல்லை எடுங்க பாஸ். எஸ்.எம்.எஸ். பாக்ஸைத் திறங்க. கடைசியா வந்த பத்து மெசேஜ்ல, நீங்க கேட்டு வந்தது எத்தனை? லோன் ரெடி, ப்ளாட் ரெடி, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், அட்மிஷன் நடக்குது... இதெல்லாம் யார் கேட்டா? அந்தப் பக்கம் இன்ஸ்டாவைத் திறந்தா, நேத்து ராத்திரி சும்மா விலை பார்த்த ஹெல்மெட், இன்னிக்குக் காலையிலே இருந்து விடாம துரத்துது.

'டெலிட் பண்ணிட்டுப் போயிட்டே இருப்போம்'னு நாம விட்டுடறோம். ஆனா 2021-ல் நம்ம பாண்டியில் ஒருத்தர் விடலை. 'எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?'னு ஹைகோர்ட் வரைக்கும் போய்க் கேட்டார். அந்தக் கேள்வி தேர்தலையே ஒரு ஆட்டு ஆட்டிடுச்சு!

ஒரு லிங்க்... ஒரு வழக்கு!

2021 ஏப்ரல் 6. புதுச்சேரியின் 30 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு. நம்ம அரியாங்குப்பமும் அதில் ஒண்ணு. அதுக்கு முந்தின வாரங்களில் வாக்காளர்களின் செல்லுக்கு எஸ்.எம்.எஸ். போனது. உள்ளே ஒரு லிங்க். தட்டினால் பா.ஜ.க-வின் வாட்ஸ்அப் குரூப்.

ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரி தலைவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். 'ஆதாரோடு இணைச்ச நம்பர்களுக்குத்தான் இந்த மெசேஜ் வருது, அந்தத் தகவல் எப்படி வெளியே போச்சு?' என்பதுதான் மனுவின் சாரம். கட்சித் தரப்பு இதை மறுத்தது. தங்கள் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய நம்பர்கள்தான் என்றது.

தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் விசாரித்தார்கள். முன் அனுமதி வாங்காமல் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்காகக் கட்சியிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும், சைபர் கிரைம் போலீஸ் விசாரிப்பதாகவும் தேர்தல் ஆணையம் சொன்னது. 'இந்த விசாரணை முடியும் வரை தேர்தலை ஏன் தள்ளிவைக்கக் கூடாது?' என்று நீதிபதிகள் கேட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. கடைசியில் தேர்தல் குறித்த நாளில் நடந்தது. நம்பர்கள் எப்படிப் போயின என்று விசாரிக்கும் பொறுப்பை ஆதார் ஆணையத்திடம் கொடுத்தது கோர்ட்.

இதில் யார் பக்கம் நியாயம்னு பஞ்சாயத்து பண்றது நம்ம வேலை இல்லை. ஆனா அந்தக் கேள்வி இருக்கே, அது ஒரு கட்சிக்கு மட்டும் கேட்ட கேள்வி இல்லை. ஜிம் வெச்சிருக்கிறவர், கோச்சிங் சென்டர், பேக்கரி, நம்ம சிம்போசியம் கமிட்டி... எல்லாருமே பதில் வெச்சிருக்க வேண்டிய கேள்வி.

ஏன்னா, இன்னிக்கு விளம்பரம்னா போஸ்டர் இல்லை. லிஸ்ட்!

பேக்கரி டு பெங்களூரு

கடலூர் ரோட்டுல ஒரு பேக்கரி இருக்குன்னு வெச்சுக்குங்க. ஓனர் இன்ஸ்டாவில் ஒரு விளம்பரம் போடறார். கடையைச் சுத்தி சில கிலோமீட்டர், வயசு 18-ல இருந்து 24, கேக் பிடிக்கும்... இப்படி டிக் அடிச்சா போதும். அந்த ஆட்களின் ஸ்க்ரீனில் மட்டும் கேக் மிதக்கும். இது முதல் படி.

ரெண்டாவது படிதான் மேட்டர். பில் போடும்போது வாங்கின நம்பர்களை ஒரு எக்ஸெல் ஷீட்டாக்கி ஏத்தினால், அந்த நம்பர்களுக்குச் சொந்தக்காரர்களின் கணக்கை மெட்டா கண்டுபிடிச்சு, அவங்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும். 'கஸ்டம் ஆடியன்ஸ்'னு பேர். நம்பர் அப்படியே போகாது, சங்கேத எழுத்தா மாறித்தான் போகும். அதுக்கும் அடுத்த படி 'லுக் அலைக்'. இவங்களை மாதிரியே குணம் இருக்கிற இன்னும் லட்சம் பேரைக் கம்ப்யூட்டரே தேடிக் கொடுக்கும். பாண்டி பேக்கரியின் ஆயிரம் நம்பரை வெச்சு, பெங்களூரில் கேக் வாங்கப் போறவர் யாருன்னு ஊகிக்கலாம்!

இந்த வசதியைப் பயன்படுத்த மெட்டா ஒரு நிபந்தனை வெச்சிருக்கு: அந்த லிஸ்ட்டைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இருக்கணும். ஆனா ஸ்க்ரீனில் அது ஒரு சின்ன 'ஐ அக்ரி' பட்டன்தான். அழுத்தறது ஒரு விநாடி வேலை. அந்த ஒரு விநாடியில்தான் மனசாட்சி வேலை செய்யணும்.

ஏன் இதை நம்மகிட்ட சொல்றேன்னு கேக்கறீங்களா? இந்த பட்டனை அழுத்தப் போறதே நாமதான் பாஸ்! சோஷியல் மீடியா இன்டர்ன்ஷிப் போறவங்க, கல்ச்சுரல்ஸுக்கு ப்ரமோஷன் பண்றவங்க, ரீல்ஸ் போட்டு பாக்கெட் மணி பார்க்கிறவங்க, நாளைக்கு கம்பெனியில் உட்கார்ந்து இந்த சாஃப்ட்வேரையே எழுதப் போறவங்க... எல்லாம் நம்ம செட்தான். அதனால, பிடிங்க ஐந்து ரூல்ஸ்!

ரூல் 1: கேட்டு வாங்கு!

சிம்போசியத்துக்கு கூகுள் ஃபார்ம் போடறோம். பேர், காலேஜ், நம்பர். விழா முடிஞ்சதும் அந்த ஷீட் எங்கே போகுது? ஸ்பான்சர் பண்ணின கோச்சிங் சென்டர் 'லிஸ்ட் கொடுங்க தம்பி'னு கேட்டா, தூக்கிக் கொடுத்துடறதா? பேப்பர் ப்ரெசன்டேஷனுக்குக் கொடுத்த நம்பர், பேப்பர் ப்ரெசன்டேஷனுக்கு மட்டும்தான்.

2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்றதும் இதுதான். எதுக்காகன்னு தெளிவாச் சொல்லி சம்மதம் வாங்கணும். அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தணும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் கொடுத்திருக்காங்க. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை!

இன்னொண்ணு. ஃப்ரெண்டோட நம்பர் உங்க சொத்து இல்லை. 2018-ல் வெடிச்ச கேம்ப்ரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் ஞாபகம் இருக்கா? இந்தியாவில் அந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணினவங்க வெறும் 335 பேர். ஆனா அவங்க நண்பர்களையும் சேர்த்து 5.62 லட்சம் பேரின் தகவல் போயிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே கணக்குச் சொன்னது. ஒருத்தர் 'ஓகே' சொன்னதுக்கு ஊரே மாட்டுச்சு!

ரூல் 2: பேரைப் போடு!

அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கிற அரிக்கமேட்டுக்கு டூர் போயிருப்பீங்க. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினபோது, இத்தாலியில் செஞ்ச சிவப்புப் பாண்டங்களின் துண்டுகள் கிடைச்சன. சிலதுல செஞ்சவங்களோட முத்திரையும் இருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டி வந்த சரக்கிலேயே 'இது இன்னார் சரக்கு'ன்னு குத்தி அனுப்பியிருக்காங்க. இப்ப நம்ம ரீல்ஸ்ல அது இருக்கா?

ஓசியில் ஷூ வாங்கிட்டு, 'நான் டெய்லி போடற ஷூ'னு சொல்றது விளம்பரம்தான். காசு வாங்கலைன்னாலும், பொருள் வாங்கினாலே விளம்பரம்னு வெளிப்படையாச் சொல்லணும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் இதை வழிகாட்டியாவே போட்டுட்டாங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். மறுபடி பண்ணினால் 50 லட்சம் வரை.

அதைவிட பெரிய ஆப்பு ரம்மி விளம்பரத்தில் இருக்கு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், அதை விளம்பரப்படுத்தறதுக்கே 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்னு சொல்லுது. 'ஒரு ஸ்டோரி போடு ப்ரோ, ஆயிரம் ரூபா'ன்னு யாராவது வந்தா, கும்பிடு போட்டுட்டு ஓடிடுங்க!

ரூல் 3: பயம் காட்டாதே!

'இன்னும் 2 சீட்தான் பாக்கி!' நிஜமாவே ரெண்டு சீட்தானா? ஹால்ல நானூறு நாற்காலி காலியா இருக்கும்போது இப்படிப் போட்டா அது பொய். 2023 நவம்பர் 30-ல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டி, இந்த மாதிரி 13 தில்லாலங்கடிகளை லிஸ்ட் போட்டுத் தடை பண்ணியிருக்கு. பொய்யான அவசரம் அதில் ஒண்ணு. நாம கேக்காத பொருளை பில்லில் சொருகறது, கடைசி நிமிஷத்தில் விலையை ஏத்தறது, 'வேண்டாம்'னு சொல்றவங்களை அசிங்கமா ஃபீல் பண்ண வைக்கிறது, விளம்பரத்தைச் செய்தி மாதிரி வேஷம் போட்டுக் காட்டறது... எல்லாம் உள்ளே இருக்கு. வெப்சைட் டிசைன் பண்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, கவனம்!

ரூல் 4: கதவைத் திறந்து வை!

உள்ளே வர ஒரு கிளிக், வெளியே போக ஒன்பது கிளிக். இது என்ன நியாயம்? நம்ம ஊரை ஆண்ட பிரான்ஸ் இதில் ரொம்ப கறார். அங்கே உள்ள தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் தீட்டியதை அறிவித்தது. குற்றம் என்ன தெரியுமா? குக்கீயை ஏத்துக்க ஒரே பட்டன் வெச்சாங்க, மறுக்கறதை அவ்வளவு சுலபமா வைக்கலை. அவ்வளவுதான்!

நம்ம 2023 சட்டத்திலும் அதே வரி இருக்கு. சம்மதம் கொடுக்கறது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். உங்க கிளப்போட வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தும் இதை ஆரம்பிக்கலாம். யாரையும் கேக்காம சேர்க்காதீங்க. லிங்க் அனுப்புங்க, பிடிச்சவங்க வரட்டும். வெளியே போனவங்களை 'ஏன் மச்சி போனே?'ன்னு நோண்டாதீங்க.

ரூல் 5: தம்பி தங்கச்சிங்களை விட்டுடு!

அதே சட்டம் 18 வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது. அவங்க இணையத்தில் என்ன பண்றாங்கன்னு பின்தொடரக் கூடாது, குறிவெச்சு விளம்பரமும் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி வரை அபராதம். ஐரோப்பாவிலும் 2024 பிப்ரவரியில் இருந்து ஆன்லைன் தளங்களுக்கு இதே மாதிரி தடை.

ஒரு ப்ளஸ் டூ பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு 'மார்க் கம்மியா இருந்தா என்ன படிக்கலாம்'னு தேடறான்னு வைங்க. அந்தப் பயத்தை மோப்பம் பிடிச்சு 'சீட் கன்ஃபர்ம்' விளம்பரம் காட்டறது வியாபாரம் இல்லை, வேட்டை. நாமும் ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி அதே ராத்திரியைத் தாண்டி வந்தவங்கதானே?

அப்போ, நமக்கு வர்றதை என்ன பண்றது?

* விளம்பர எஸ்.எம்.எஸ். வேண்டாம்னா 1909-க்கு போன் அல்லது மெசேஜ் பண்ணிப் பதிவு செய்யலாம். அதையும் மீறி வந்தால் 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம்.

* அனுப்புநர் பேருக்குக் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வருதே, பாருங்க. 'பி'ன்னா விளம்பரம், 'எஸ்'னா சேவை, 'டி'ன்னா பரிவர்த்தனை, 'ஜி'ன்னா அரசாங்கம். 2025-ல் ட்ராய் கொண்டு வந்த ஏற்பாடு இது. பேங்க் பேரில் வர்ற மெசேஜில் 'பி' இருந்தா, அது கடை விரிக்கிறதுன்னு அர்த்தம்.

* வாட்ஸ்அப்பில் வர்றதுக்கு 1909 உதவாது. அங்கே ப்ளாக், ரிப்போர்ட் ரெண்டும்தான் ஆயுதம். உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம்னு ப்ரைவசி செட்டிங்கில் மாத்திடுங்க.

* ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் இப்ப ஓடிட்டு இருக்கிற விளம்பரங்களை 'ஆட் லைப்ரரி'யில் யார் வேணா பார்க்கலாம். அரசியல் விளம்பரம்னா யார் காசு கொடுத்தாங்கன்னும் அதில் இருக்கும். அடுத்த தேர்தல் வரும்போது உங்க தொகுதி வேட்பாளர் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க, பொழுதும் போகும், பொது அறிவும் வளரும்!

சட்டம் இருக்கு, அபராதம் இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் பின்னாடி போலீஸ் நிக்க முடியாது. ஷீட்டை அப்லோட் பண்றவன் கையிலதான் முதல் பிரேக். அடுத்த தடவை யாராவது ஆயிரம் நம்பரை உங்ககிட்ட நீட்டினா, 'இது எப்படிக் கிடைச்சது?'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்ல அவர் தயங்கினா, நீங்க அப்லோட் பண்ணத் தயங்குங்க!